முழுதாகச் சொல்லிவைத்த வான்கோழி

டிசம்பர் 9, செவ்வாய்

ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

மேலே உள்ள வரியைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று திரும்பப் படித்துப் பார்த்தேன். டாக்டர் சொன்ன வார்த்தை அதுதான். "ஒண்ணுமே இல்ல சார், சுத்தமா இருக்கு." நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, திரையில் என் மனைவி எமரன்சியின் தொண்டையைக் காட்டி, ஏப்ரலில் கட்டி இருந்த இடத்தையும் இப்போது அது இல்லாமல் இருக்கும் இடத்தையும் பேனாவால் தொட்டுக் காண்பித்தார். இல்லாத ஒன்றை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தது எனக்கு இதுதான் முதல் தடவை.

"அப்ப, இல்லன்னே எடுத்துக்கிடலாமா?" என்று மறுபடியும் கேட்டேன். எமரன்சி என் முழங்கையைக் கிள்ளினாள்.

வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேகம் தலைக்கு மேல் வந்து நிற்கும்போதுகூட ‘மழைக்கு வாய்ப்புண்டு’ என்றுதான் எழுதியிருக்கிறேன். உறுதியாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு உள்ளூர ஒரு பயம்.

மூக்குக் குழாய் ஒன்றுதான் பாக்கி. கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்டு, வைத்ததில் அவளுக்கு நாக்கில் ருசி செத்து, எச்சில் ஊறுவதும் ஏறக்குறைய நின்றுபோய்விட்டது. தொண்டையும் இறுகிவிட்டது. ஜூலையிலிருந்து சாப்பாடெல்லாம் குழாய் வழியாகத்தான். "ஜனவரி அஞ்சாம் தேதி வாங்க. அதுக்குள்ள வாயால சாப்பிடப் பழகியிருந்தா குழாய எடுத்துருவோம். இல்லன்னா வயித்துல சின்னதா ஓட்டை போட்டு அங்க ஒரு குழாய் வைக்க வேண்டியதிருக்கும். மூக்குலயே எத்தனை நாள் விட்டுவைக்கிறது?" என்றார் டாக்டர்.

வயிறு என்ற சொல் வந்ததுமே எமரன்சி எழுந்து வெளியே போய்விட்டாள்.

குடையை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டேன். நனைந்துகொண்டே ஆட்டோ பிடித்தோம். அவள் திட்டவில்லை. எனக்கும் குளிரவில்லை.

டிசம்பர் 10, புதன்

காலைக் கஞ்சியைக் குழாயில் ஊற்றிக்கொண்டிருந்தபோது எமரன்சி கேட்டாள்: "வான்கோழிக்குச் சொல்லிட்டியளா?" சிகிச்சைக்குப் பிறகு அவள் குரல் உப்புத்தாளில் தேய்த்தது போலிருக்கிறது. ஆனாலும் தெளிவாகவே கேட்டது.

"எந்த வான்கோழிக்கு?"

"கிறிஸ்மஸ் வருது. வேற எந்த வான்கோழிக்கு?"

இந்த வருடம் வேண்டாம் என்று நினைத்திருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பண்டிகைக்கு வருவது அவளுடைய அண்ணன் லாம்பர்ட் ஒருவர்தான். அவருக்கு மீன் குழம்பே போதும்.

"யாரு சாப்பிட?" என்றேன்.

"நான்."

"வான்கோழி நெஞ்சுக்கறி பஞ்சு மாதிரி காஞ்சு கெடக்குமே எமி. எச்சில் ஊறுதவங்களுக்கே தொண்டையில நிக்கும். வேணும்னா கோழி சூப்—"

"கோழி சும்மா நாள்ல திங்கிறது. நான் சொல்லுதத நல்லாக் கேளுங்க. பண்டியல் அன்னைக்கு மேசையில உக்காந்து, எல்லாரையும் மாதிரி ஒரு துண்டு வான்கோழி திங்கணும். அத முழுங்கிட்டேன்னா தைரியமா மத்ததெல்லாம் சாப்பிடப் பழகுவேன். முழுங்க முடியலன்னா, எந்த வயித்துல எந்தக் குழாய வேணும்னாலும் சொருகட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"யாரு செய்வா? நீ அடுப்புகிட்ட நிக்கக் கூடாது."

"நீங்கதான். ஆனா ரொம்ப வேலை வச்சுக்கிடாம செய்ங்க. வேலை கூடுனா உங்களுக்குக் கை நடுங்கும்."

அது உண்மை. கஞ்சி ஊற்றும் புனலை அப்போதே கொஞ்சம் சாய்த்துவிட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

கைபேசியில் தேடினேன். ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவை என்கிறார் ஒருவர். தோலுக்கு அடியில் வெண்ணெய் தடவு என்கிறார் மற்றொருவர். பறவையைக் கவிழ்த்துவை, ஈரத்துணி போர்த்து, அரைமணிக்கொரு தடவை அடுப்பைத் திறந்து நெய் ஊற்று என்று மற்றவர்கள். எல்லாருக்கும் தொந்தரவு ஒன்றுதான் என்று புரிகிறது. நெஞ்சுக்கறி சீக்கிரம் வெந்துவிடும், கால் வேக நேரமாகும். கால் வேகும்வரை காத்திருந்ததில் நெஞ்சு காய்ந்துவிடுகிறது.

உப்பை ஒரு துளி நீரில் கரைத்து எமரன்சியின் நாக்கில் வைத்துப் பார்த்தேன். எரிச்சலில் அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆகவே உப்பு கிடையாது. மிளகு, மிளகாய், எலுமிச்சை எதுவும் கிடையாது. மிஞ்சுவது குறைந்த சூடு, மூடிய பாத்திரம், நீண்ட நேரம். இவ்வளவையும் எழுதிய பிறகு எனக்கு இதில் என்ன தெரியும் என்று சந்தேகம் வந்தது.

இன்னொன்றையும் எழுதி வைக்க வேண்டும். அக்டோபரில் ஒருநாள் இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன். இரண்டாவது வாயிலேயே புரையேறி அவள் முகம் நீலம் பாரித்துவிட்டது. முதுகில் தட்டினேன். வேறென்ன செய்தேன் என்று நினைவில்லை. அதன் பிறகு தயிருக்கு மேல் கெட்டியாக எதையும் அவள் வாயருகே நான் கொண்டுபோகவில்லை. கேட்பாள். நாளைக்கு என்பேன்.

டிசம்பர் 12, வெள்ளி

கறிக்கடை மிக்கேலிடம் சொல்லிவிட்டேன். முழு வான்கோழி, தோலோடு, வெட்டாமல். இரண்டு தடவை சொன்னேன்.

டிசம்பர் 13, சனி

வீட்டில் ஓவன் இல்லை. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் இல்லை. கிறிஸ்மஸ் கேக் மாவைத் தட்டில் ஊற்றித் தங்கப்பழம் பேக்கரிக்கு எடுத்துப் போவோம். விறகடுப்பில் ரொட்டி எடுத்த பிறகு சுட்டுத் தருவார். எமரன்சியின் வான்கோழியும் வருடா வருடம் அங்கேதான் வெந்தது. இரண்டு நாள் முன்பிருந்தே அதற்கு மசாலா அரைத்து, வயிற்றில் ரொட்டித்தூள் அடைத்து, ஊசி நூலால் தைத்து, பேக்கரிக்கும் வீட்டுக்கும் வெண்ணெய்க் கரண்டியோடு நடந்துகொண்டே இருப்பாள். அதெல்லாம் என்னால் ஆகாது.

தங்கப்பழத்திடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"சார், இந்த வருசம் கேக் ஏகப்பட்டது வந்து கெடக்கு. நடுவுல வான்கோழிய உள்ள விட்டா அம்புட்டு கேக்கும் கறி வாசம் அடிக்கும். பொம்பளையாளுவ என்னய வெளக்குமாத்தக் கொண்டு அடிப்பாவ."

"எல்லாக் கேக்கையும் எடுத்த பெறகு?"

"அதுக்குப் பெறகு விறகு போட மாட்டேனே. அடுப்பு அது பாட்டுக்கு ஆறிக்கிட்டுக் கெடக்கும். விடிய மட்டும் சூடு நிக்கும். ஆனா ரோஸ்ட்டுக்குக் காணாது. செவக்காது சார்."

"செவக்க வேண்டாம். விடியக்காலம் கைய உள்ள விட்டா எப்படி இருக்கும்?"

"சுடும். எடுத்துருவிய."

"அதுதான் எனக்கு வேணும்," என்றேன். சொன்ன பிறகு, அதுதானா வேண்டும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

புறப்படும்போது, "சார், தப்பா நெனைக்கக் கூடாது. ஒடம்புக்கு என்ன? பாதியாயிட்டியளே," என்றார். கடை வாசலில் வெளிச்சம் போதாது. எமரன்சியை நினைத்துக்கொண்டு கேட்டிருப்பார்.

சூடாக நான்கு பன் கொடுத்தார். வரும் வழியில் ஆட்டோ நிறுத்தத்தில் கொடுத்துவிட்டேன். அவள் குழாயோடு உட்கார்ந்திருக்கும் வீட்டில் சுடு ரொட்டி வாசனை வருவது நியாயமில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

ஒத்திகை. ஒரு கோழிக்காலைக் கொஞ்சம் வெண்ணெயோடு மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் வைத்தேன். தண்ணீர் ஊற்றவில்லை. சமையலறைக் கதவைச் சாத்தியிருந்தேன்.

"வாசம் வருது. கதவத் தொறங்க," என்று கூடத்திலிருந்து குரல்.

கறி தன் நீரிலேயே வெந்து எலும்பை விட்டுக் கழன்றுவிட்டது. அடியில் நின்ற சாற்றைக் கரண்டியில் எடுத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் சொன்னபடி, எமரன்சி தாடையை நெஞ்சோடு சேர்த்து, இரண்டு தடவை விழுங்கி, பிறகு "ஆ" என்றாள். குரலில் நீர் கொப்பளிக்கும் ஓசை கேட்டால் தொண்டையில் தங்கிவிட்டது என்று அர்த்தம். கேட்கவில்லை.

"இப்ப ஒரு நார் கறி குடுங்க."

"நாளைக்கு."

"அந்த நாளைக்கு எந்த மாசத்துல வருது?"

நான் பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போனேன். சற்றுக் கழித்து, "மிச்சத்த நீங்க சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

பின்வாசலுக்கு ஒரு பூனை வருகிறது. நல்ல பூனை. சத்தம் போடாமல் தின்கிறது.

டிசம்பர் 19, வெள்ளி

பெல்ட்டில் இன்னொரு துளை போட வேண்டியிருந்தது. பழைய தோல், இழுபட்டுவிட்டது.

டிசம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து லாம்பர்ட் மச்சான் வந்தார். துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குப் பேசுவது போலத்தான் எப்போதும் பேசுவார்.

"மாப்ள, ரெண்டு பேருல யாருக்குக் கரண்டு வச்சாங்க? அவ தேறிட்டா. நீ ஏன் இப்படி இருக்க?"

"சட்டை பெருசு மச்சான்."

"போன வருசமும் இதே சட்டைதான் போட்டிருந்த." பிறகு தங்கையிடம் திரும்பினார். "வான்கோழிய இவனா செய்யுதான்? அப்ப நான் வீட்டுல சாப்பிட்டுட்டே வந்துருதேன்."

"வாரும், வந்து பாரும்," என்றாள் எமரன்சி. முகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரம் சிரிப்பில் சுருங்கியது.

வாசல்வரை வழியனுப்பப் போனேன். படியில் நின்று, அவருக்கு வராத மெல்லிய குரலில், "அவ போன்ல எல்லாம் சொன்னா," என்றார்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல. கறிய நல்லா வேக வையி."

என்ன சொல்லியிருப்பாள் என்று மாலைவரை யோசித்தேன். மதியம் அவளுடைய கஞ்சியில் மிச்சம் இருந்தது. அதையே குடித்தேன். போதுமானதாக இருந்தது. பின்கட்டில் துவைக்கிற கல்லருகே நின்று குடிப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே காற்று நன்றாக வருகிறது.

டிசம்பர் 23, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கறிக்கடையில் பெருங்கூட்டம். மிக்கேல் கல்லாவில் இருந்தார். வெட்டுமரத்தருகே அவருடைய தம்பி நின்றார். அவரிடம் நான் எதுவும் சொல்லி வைத்ததில்லை. "வான்கோழி சார் வந்துட்டாரு," என்று மிக்கேல் குரல் கொடுத்ததும், தம்பி ஏழு கிலோ பறவையைத் தூக்கி மரத்தில் போட்டார்.

"தோல உரிச்சிரவா சார்?" என்று கேட்டார். கேட்கும்போதே பாதி உரித்துவிட்டார்.

"இல்ல, நான்—"

"கறிக்கா, பிரியாணிக்கா?"

இரண்டுக்கும் இல்லை என்று சொல்ல எனக்கு நீளமான ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அதை மனதில் கோத்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற ஓர் அம்மாள், "கறிக்குத்தான் போடுங்க தம்பி. சாருக்கு என்ன தெரியும்? வீட்டுல அக்காவுக்கு முடியல," என்றார். அனுதாபத்தோடுதான் சொன்னார்.

கத்தி விழுந்தது. முதல் வெட்டில் சொல்லியிருக்கலாம். இரண்டாவதில்கூடச் சொல்லியிருக்கலாம். ஐந்தாவது வெட்டுக்குப் பிறகு, முழுதாக வேண்டும் என்று ஒரு மனிதன் எப்படிச் சொல்வது? பை நிறையக் குழம்புத் துண்டுகளாகக் கட்டிவிட்டார். உரித்த தோலைக் கூடைக்குள் எறியப் போனபோதுதான் எனக்கு வாய் திறந்தது.

"அந்தத் தோலையும் குடுங்க."

"நாய்க்கா சார்?"

"ஆமா."

"என்ன நாய்?"

"சாதாரண நாய்தான்."

பேருந்து நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு வான்கோழி கிடைக்குமா என்று இரண்டு கடைகளில் கேட்டேன். கிடைக்கவில்லை. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் முழுதாகக் கொண்டுபோகத் தெரியவில்லை.

வீட்டில் பையை நேராக ஃப்ரிட்ஜுக்குள் வைக்கப் பார்த்தேன். எமரன்சி பின்னாலேயே வந்துவிட்டாள்.

"வான்கோழி எங்க?"

பையைத் திறந்து காட்டினேன். ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். மயக்கம் என்று நினைத்து நான் தண்ணீருக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை, காற்று மட்டும் வந்தது.

"பண்டியல் வான்கோழிய... குழம்புக்கு வெட்டிட்டு வந்த ஒரே ஆளு... நீங்கதான்," என்றாள், விட்டுவிட்டு.

"நான் சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள—"

"நீங்க சொல்லத்தான் போயிருப்பிய. எனக்குத் தெரியும்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லதாப் போச்சு போங்க. நாப்பது வருசம் முழுசாத்தான் வச்சேன். நாப்பது வருசமும் காஞ்சுதான் போச்சு. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டு ‘நல்லாருக்கு எமி’ன்னு சொல்லுவிய. எனக்குத் தெரியாதாக்கும்?"

நன்றாகத்தான் இருந்தது என்றேன். சாப்பாட்டின்போது தண்ணீர் குடிப்பது என் வழக்கம் என்றும் சொன்னேன். அவள் மறுபடியும் குலுங்க ஆரம்பித்தாள்.

அவள் போய்ப் படுத்த பிறகு மேசைமேல் துண்டுகளைப் பரப்பிப் பார்த்தேன். முழுப் பறவையாக இருந்தால்தானே கால் வேகும்வரை நெஞ்சு காத்திருக்க வேண்டும்? துண்டுகளை வேண்டிய இடத்தில் வைக்கலாம். எலும்புள்ள கால்களையும் முதுகையும் சூடு அதிகமான அடியில் வைத்து, நெஞ்சுக்கறியை அவற்றின் சாற்றுக்கு மேலே வைத்து, எல்லாவற்றுக்கும் மேலாகத் தோலைப் போர்வை மாதிரி விரித்துவிட்டால், கொழுப்பு உருகித் தானாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். யாரும் கரண்டியோடு நடக்க வேண்டியதில்லை. சரியாகத்தான் தோன்றியது. சரியாகத் தோன்றுவதே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. அவளிடம் போய்ச் சொன்னேன். தோல் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

கண்ணைத் திறக்காமலே, "நாய்க்கு மிச்சம் வைங்க," என்றாள்.

டிசம்பர் 24, புதன். தூறல்.

பெரிய அலுமினியச் சட்டி. வெங்காயம் நான்கு, உப்பில்லாத வெண்ணெய், சொன்ன வரிசையில் கறி, மேலே தோல். மூடியைச் சுற்றி மைதா மாவைப் பிசைந்து ஒட்டினேன். மொத்தமாக அரைமணி நேர வேலை. இவ்வளவுதானா, எதையாவது விட்டுவிட்டேனா என்று அடுக்களையை நாலு சுற்றுச் சுற்றினேன்.

மாலையில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். கடைசிக் கேக் தட்டை வெளியே இழுத்த தங்கப்பழம், வியர்வையைத் துடைத்துக்கொண்டு சட்டியை நீண்ட பலகையில் ஏற்றி உள்ளே தள்ளினார்.

"நடுவுல வந்து வெண்ணெய் ஊத்துவியளா? அக்கா வருவாவளே."

"வேண்டாம். தொறக்கவே வேண்டாம்."

"தொறக்காம எப்படி சார் வெந்துட்டான்னு தெரியும்?"

"தெரியாது," என்றேன்.

இரும்புக் கதவைச் சாத்தினார். வீட்டுக்கு வந்து அவளுக்குக் கஞ்சி கொடுத்து, இருவருமாகச் செபமாலை சொல்லி முடித்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருப்பது இவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியாது.

டிசம்பர் 25, வியாழன். கிறிஸ்மஸ்

காலைப் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முடிந்ததும் பேக்கரிக்குப் போனேன். அடுப்புக்குள் இன்னும் சூடு இருந்தது. சட்டியைச் சாக்கில் சுற்றிக் கொடுத்த தங்கப்பழம், "வாசம் வருது சார். ஆனா சொல்ல முடியாது," என்றார். என்னைப்போலவே பேசத் தொடங்கிவிட்டார்.

லாம்பர்ட் மச்சான் அதற்குள் வந்து மேசையில் உட்கார்ந்திருந்தார். எமரன்சி நீலப் பட்டுச் சேலை உடுத்தியிருந்தாள். குழாயின் நுனியை மடித்துக் காதுக்குப் பின்னால் செருகி, அதன்மேல் கொஞ்சம் மல்லிகை வைத்திருந்தாள். மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. ஜூலைக்குப் பிறகு அந்த மேசையில் நான் தட்டு வைத்ததில்லை. அவள்தான் வைத்திருக்க வேண்டும்.

மாவு கல்லாக இறுகியிருந்தது. கத்தியின் பின்பக்கத்தால் தட்டி உடைத்தேன். மூடியைத் தூக்கியதும் ஆவி என் கண்ணாடியை மறைத்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"மாப்ள, இதுல தண்ணி ஊத்துனியா?" என்று மச்சான் கேட்பது மட்டும் காதில் விழுந்தது.

"ஒரு சொட்டு ஊத்தல."

"பெறகு எப்படி இவ்வளவு சாறு?"

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தோல் உருகிச் சல்லடைத் துணிபோல் மெலிந்து கிடந்தது. அதை விலக்கினேன். நெஞ்சுக்கறி வெளுப்பாக, சாற்றில் பாதி முழுகி, கரண்டி பட்டதும் நார் நாராகப் பிரிந்தது.

மச்சான் எட்டிப் பார்த்தார். "ரோஸ்ட்டு எங்க? இது குழம்பா, சூப்பா? பார்க்க ஒண்ணும் லெச்சணமா இல்லியே," என்றார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மெல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இன்னொரு துண்டை எடுத்தார். பிறகு தன் தட்டைச் சட்டிக்கு அருகே நகர்த்திக்கொண்டார்.

நான் எமரன்சிக்காக ஒரு நாரைப் பிரித்து, அதையும் இரண்டாகக் கிள்ளி, சாற்றில் நனைத்து, விரலால் அழுத்திப் பார்த்தேன். மெத்தென்றுதான் இருந்தது. மறுபடியும் அழுத்தினேன். இதை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் என்ன என்று தோன்றியது. கிண்ணத்தோடு எழுந்தேன்.

"உக்காருங்க," என்றாள்.

"ஒரு நிமிசம் எமி, இத மட்டும்—"

"நாளைக்கா?"

உட்கார்ந்தேன். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நான் கிள்ளி வைத்ததை ஒதுக்கிவிட்டு, சட்டியிலிருந்து தானே ஒரு துண்டை எடுத்தாள். என் கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். சாற்றில் தோய்த்தாள். வாயில் வைத்தாள்.

மெல்லுகிறாள். நிறுத்துகிறாள். மறுபடியும் மெல்லுகிறாள். நான் அவளுடைய முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி வைத்திருந்தேன். தாடையை நெஞ்சோடு சேர்த்தாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அப்படியே நின்றது. முகம் சிவந்தது. மச்சான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். எமரன்சி ஒரு கையை உயர்த்தி எங்கள் இருவரையும் அடக்கினாள். தொண்டை இரண்டாம் முறை ஏறி இறங்கியது. ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள்.

"ஆ," என்றாள்.

குரலில் நீர் ஓசை இல்லை. உப்புத்தாள் மட்டும்தான்.

"உப்பு இல்ல," என்றாள் அடுத்து.

மச்சான் மேசையில் ஓங்கித் தட்டியதில் என் தம்ளர் கவிழ்ந்தது. "உப்பு கேக்கா பாரு! நாக்கு வந்துட்டு மாப்ள, நாக்கு வந்துட்டு!" என்று கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நான் கவிழ்ந்த தண்ணீரைத் துடைத்தேன். துடைத்து முடித்த பிறகும் அதே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் இன்னொரு துண்டு சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் வெகுநேரம் பிடித்தது. யாருக்கும் அவசரமில்லை. போதும் என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மூன்றாவது தட்டை எடுத்து அதில் சோறு போட்டாள். கால் துண்டு ஒன்று, நெஞ்சு இரண்டு, அதன்மேல் சாறு. நகர்த்தி எனக்கு முன்னால் வைத்தாள்.

"பெறகு சாப்பிடுதேன். நீ—"

"இப்ப. எனக்கு முன்னால."

"எமி—"

"என்னங்க, ஆறு மாசமா குழாய்லதான் எனக்குச் சாப்பாடு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. பின்கட்டுல நின்னு என் மிச்சக் கஞ்சியக் குடிக்கிறது ஜன்னல் வழியாத் தெரியும். கோழிக்கால் பூனைக்குப் போனதும் தெரியும். எனக்குக் குழாய எடுத்த பெறகு உங்களுக்குச் சொருகணுமா? நான் எதுக்கு இந்த வருசம் வான்கோழி கேட்டேன்னு நெனைச்சிய?"

மச்சான் எழுந்து, சுருட்டுப் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். அவர் சுருட்டை விட்டு வெகுகாலமாகிறது.

நான் சாப்பிட்டேன். கறி நன்றாக, மெத்தென்று இருந்தது. தண்ணீர் தேவைப்படவில்லை. எமரன்சி கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை பரிமாறியபோது நான் தடுக்கவில்லை. உப்பு கொஞ்சம் தூவிக்கொண்டேன்.

டிசம்பர் 26, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன். எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 29, திங்கள்

வான்கோழிச் சாற்றில் சோற்றைக் குழைத்து அவளுக்கு மதியம் ஒரு கிண்ணம். காலையில் முட்டை. இரவு வாழைப்பழம் மசித்தது. எல்லாம் வாயால். குழாயில் தண்ணீர் மட்டும். எனக்கு ரசம் தாளித்தேன். இந்த வீட்டில் கடுகு வெடித்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. தும்மினாள். தும்மிவிட்டு, "பெருங்காயம் காணாது," என்றாள்.

ஜனவரி 2, வெள்ளி

அவள் புட்டு கேட்டாள். நாளைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். பால் ஊற்றிப் பிசைந்து இன்றே கொடுத்தேன். கொஞ்சம் இருமினாள். கரண்டியைக் கீழே வைக்கப் பார்த்தேன். அவள் தாடையைக் குனிந்து விழுங்கிவிட்டு, அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.

ஜனவரி 5, திங்கள்

டாக்டர் அவளைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், ஒரு பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துக் கொடுத்தார், கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "கிறிஸ்மஸுக்கு என்ன சாப்பிட்டீங்கம்மா?" என்று கேட்டார். வான்கோழி என்றதும் என்னைப் பார்த்தார். அவர் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நீங்களா குடுத்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லது," என்று எழுதத் தொடங்கிவிட்டார்.

நர்ஸ், "மூச்ச வெளிய விடுங்கம்மா," என்று சொல்லி ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். அவ்வளவு நீளம் அவளுக்குள் இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை. கன்னத்தில் பிளாஸ்திரி இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. எமரன்சி அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு மூக்கை நன்றாகச் சிந்தினாள். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும்.

வெளியே நல்ல வெயில். "பசிக்குது," என்றாள்.

எதிரே இருந்த ஓட்டலுக்குப் போனோம். பரிமாறுகிறவர், "பார்சலா சார்?" என்று கேட்டார். இல்லை, உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்றேன். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்தார். எமரன்சி முதல் வாயை விழுங்கிவிட்டு, பால் தண்ணியாக இருக்கிறது என்று அவரைக் கூப்பிட்டுக் குறை சொன்னாள். அவர் கெட்டிப்பால் கொண்டுவந்து ஊற்றினார்.

அவள் ஒன்றரை இடியாப்பம் சாப்பிட்டாள். நான் எத்தனை சாப்பிட்டேன் என்று எண்ணவில்லை.